சொந்த ஊரைப் படமெடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேமராவால் எடுத்து இன்றுவரை மிஞ்சியிருக்கும் மிகப் பழைய படத்தில் இருப்பது ஒரு வீட்டு ஜன்னலிலிருந்து தெரிந்த கூரைகளும் சுவர்களும்தான். 1826 அல்லது 1827-ல் பிரான்சில் நிசெஃபோர் நியெப்ஸ் தன் வீட்டு மாடி ஜன்னலில் கேமராவை வைத்து அதை எடுத்தார். குறைந்தது எட்டு மணி நேரமாவது, படம் பதியும் தகடு வெளிச்சத்தில் இருந்திருக்க வேண்டும் என்கிறார்கள். அதற்குள் சூரியன் கிழக்கிலிருந்து மேற்கே போய்விட்டதால், எதிரெதிர்ச் சுவர்கள் இரண்டிலுமே வெயில் விழுந்திருக்கிறது.

இந்தக் கலை தொடங்கியதே வீட்டு ஜன்னலில்தான் என்பதால்தானோ என்னவோ, தொலைதூரப் பயணங்களைவிடச் சொந்த ஊரைப் படமெடுப்பதில் எனக்கு ஆசை அதிகம். ஊரின் நிலக்காட்சிகளையும் பறவை, விலங்குகளையும் நகரத்தின் அடையாளக் கட்டடங்களையும் எடுக்க ஆரம்பிப்பவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே.

தினமும் பார்க்கிற இடம்தானே, அதில் எடுக்க என்ன இருக்கிறது?

சுற்றுலா வருபவருக்கு ஒரு நாள்தான் கிடைக்கும். அன்று வானம் வெளுத்துக் கிடந்தால் வெளுத்த வானத்தோடு எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான். உங்களுக்கு அப்படியில்லை. இன்று சரியில்லையா, நாளைக்கு மறுபடி போகலாம்.

யூஜின் அட்ஜே என்பவர் சுமார் முப்பது வருடம் பாரிஸ் நகரத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் மட்டுமே எடுத்தார். 1925-ல், கடைசிக் காலத்தில், பாழடைந்துகொண்டிருந்த ஒரு பூங்காவுக்குத் திரும்பத் திரும்ப விடியற்காலையில் போய் எடுத்த படங்கள் சிலவற்றில், எத்தனை மணிக்கு எடுத்தது என்றும் குறித்து வைத்திருக்கிறார். அந்த ஒரு பழக்கத்தை மட்டுமாவது அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சின்ன நோட்டில் தேதி, நேரம், சூரியன் எந்த மரத்துக்குப் பின்னாலிருந்து வந்தது, என்ன பூத்திருந்தது, எந்தப் பறவை எங்கே உட்கார்ந்தது என்று எழுதி வையுங்கள்.

நான் அடிக்கடி போகும் ஏரியில் பட்டுப்போன மரம் ஒன்று தண்ணீருக்குள் நிற்கிறது. அதன் மேல் ஒரு சாம்பல் நாரை வந்து உட்காரும். சூரியன் சரியாக அந்த மரத்துக்குப் பின்னால் உதிப்பது வருடத்தில் இரண்டே முறை, ஒவ்வொரு முறையும் சில நாட்கள்தான். சூரியன் உதிக்கும் இடம் வருடம் முழுவதும் வடக்கும் தெற்குமாக நகர்ந்துகொண்டே இருக்கும். நிலநடுக்கோட்டிலேயே இந்த ஊசலாட்டம் சுமார் 47 டிகிரி, அங்கிருந்து விலக விலக இன்னும் கூடும். மார்ச், செப்டம்பரில் வேகமாக நகரும். ஜூன், டிசம்பர் பிற்பாதியில் நின்றுவிட்ட மாதிரி இருக்கும். நோட்டில் எழுதி வைத்திருந்ததால்தான் எந்த வாரம் போக வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. மூன்றாவது வருடம் நாரை, மரம், சூரியன் மூன்றும் ஒரே ஃபிரேமில் கிடைத்தன.

எந்த கேமரா வாங்கலாம்? போன் போதாதா?

நிலக்காட்சிக்கும் கட்டடங்களுக்கும் போனே தாராளம். எடுப்பதற்கு முன்னால் லென்ஸைத் துடையுங்கள். படங்கள் மங்கலாக வருவதற்குப் பாதிக் காரணம் விரல் ரேகைதான். வெளிச்சமான இடத்தில் விரலை அழுத்திப் பிடித்து எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் ஒளியின் அளவை) லாக் செய்து, கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் மேகத்தின் மடிப்புகள் வெளுத்துப் போகாமல் நிற்கும். திரையில் விரலை விரித்து ஜூம் செய்யாதீர்கள், முடிந்தால் நடந்து போங்கள்.

பறவைகளுக்குத்தான் போன் போதாது. குறைந்தது 300 மி.மீ., வசதியிருந்தால் 400 அல்லது 600 மி.மீ. லென்ஸ் வேண்டும். வாங்க முடியாவிட்டால், பைனாகுலரில் கண் வைத்துப் பார்க்கும் கண்ணாடியில் போன் லென்ஸைப் பொருத்தி எடுத்துப் பாருங்கள். கை பழக ஒரு வாரம் ஆகும், ஆனால் பறவையை அடையாளம் காணும் அளவுக்கு நல்ல படங்கள் வரும்.

எந்த நேரத்தில் போனால் நல்ல வெளிச்சம் கிடைக்கும்?

சூரியன் அடிவானத்தை ஒட்டி, சுமார் 6 டிகிரி உயரத்துக்குள் இருக்கும் நேரம்தான் எல்லோரும் சொல்லும் கோல்டன் அவர். அப்போது வெயில் காற்று மண்டலத்தில் நீண்ட தூரம் பயணித்து வருகிறது. வழியில் நீலம் சிதறிப்போய், மஞ்சளும் சிவப்பும் நம்மிடம் வந்து சேர்கின்றன. நிறத்தைவிட முக்கியம், வெயில் பக்கவாட்டில் விழுவது. ஒரு சுவரின் சொரசொரப்பு, வயல் வரப்பின் மேடுபள்ளம், மரப்பட்டையின் வெடிப்பு எல்லாவற்றுக்கும் அந்த நேரத்தில்தான் நிழல் கிடைக்கும். உச்சி வெயிலில் அதே இடம் தட்டையாகக் கிடக்கும்.

பெயரில் 'அவர்' இருப்பதை நம்பி மெதுவாகக் கிளம்பாதீர்கள். பூமி மணிக்கு 15 டிகிரி சுழல்கிறது. நிலநடுக்கோட்டுப் பகுதிகளில் சூரியன் கிட்டத்தட்ட நேர்செங்குத்தாக ஏறுவதால், அந்த 6 டிகிரியை 25 நிமிடத்தில் தாண்டிவிடும். துருவங்களை நெருங்கும் நாடுகளில் சாய்வாக ஏறுவதால், சில பருவங்களில் ஒரு மணி நேரத்துக்கு மேலும் நீளும். ஆகவே விடிவதற்கு அரை மணி முன்பே இடத்துக்குப் போய், ஃபிரேமை முடிவு செய்து, காத்திருங்கள்.

அப்புறம், சூரியன் மறைந்ததும் பையைக் கட்டாதீர்கள். அது அடிவானத்துக்குக் கீழே 4 முதல் 6 டிகிரிக்குள் இருக்கும் சில நிமிடங்களில் வானம் ஆழ்ந்த நீலமாகும். தெருவிளக்கின் வெளிச்சமும் வானத்தின் வெளிச்சமும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். நகரக் கட்டடங்களை எடுக்க அதைவிட நல்ல நேரம் கிடையாது.

மழை, மூடுபனி என்றால் வீட்டிலேயே இருந்துவிடலாமா?

வேண்டாம், கட்டாயம் போங்கள். மேகமூட்டம் காட்டுக்கும் அருவிக்கும் பூக்களுக்கும் மிக நல்லது. நிழல்கள் மென்மையாகி நிறங்கள் எழும்பி நிற்கும். மூடுபனி வேண்டாத பின்னணியை எல்லாம் மறைத்து ஒரே ஒரு மரத்தை மட்டும் கையில் கொடுக்கும். மழை விட்டவுடன் காற்றில் தூசி கழுவப்பட்டிருப்பதால் தொலைவு மலைகள் பளிச்சென்று தெரியும். கேமராவுக்கு ஒரு பிளாஸ்டிக் பையும் ஒரு துண்டும் போதும்.

கண்ணுக்குப் பிரமாண்டமாகத் தெரிந்த இடம் படத்தில் சப்பையாக வருகிறதே, ஏன்?

கண் ஒரு இடத்தைப் பார்க்கும்போது தலையைத் திருப்பி, கிட்டத்தையும் தூரத்தையும் மாறி மாறிப் பார்த்து, நாமாகவே அதன் ஆழத்தைச் சேர்த்துக்கொள்கிறோம். படத்துக்கு அந்த வசதி இல்லை. வைட் லென்ஸில் எல்லாவற்றையும் அடைத்தால் மலை எறும்பாகிவிடும். இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, முன்னால் எதையாவது வைப்பது. ஒரு பாறை, சேற்றில் பதிந்த கால்தடம், படகின் மூக்கு, எதுவும் ஆகலாம். மண்டி போட்டு அதற்குப் பக்கத்தில் போங்கள். கிட்டத்திலிருப்பதும் தொலைவிலிருப்பதும் சேர்ந்து கூர்மையாக வர வேண்டும் என்றால், பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேம் கேமராவில் 24 மி.மீ. லென்ஸ், அப்பர்ச்சர் (லென்ஸில் ஒளி நுழையும் துளை) எஃப்/8 வைத்து, சுமார் இரண்டரை மீட்டர் தூரத்தில் ஃபோகஸ் செய்யுங்கள். ஒன்றேகால் மீட்டரிலிருந்து அடிவானம் வரை எல்லாம் தெளிவாக இருக்கும். அப்பர்ச்சரை எஃப்/22 வரை சிறிதாக்கினால் இன்னும் கூர்மை கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் எஃப்/16-ஐத் தாண்டினாலே ஒளி அந்தச் சிறு துளையில் விரிந்து பரவி, படம் முழுவதும் லேசாக மங்கும்.

இரண்டாவது வழி எனக்கு இன்னும் பிடித்தது: தொலைவைக் கிட்டத்தில் காட்டும் டெலி லென்ஸ். 200 மி.மீ.யில் மலைத்தொடரைப் பாருங்கள். ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் மலைகள் ஒட்டி வந்து அடுக்கடுக்காக நிற்கும், கடைசி அடுக்கு வானத்தில் கரையும்.

போலரைசர் ஃபில்டர் தேவையா?

ஒரே ஒரு ஃபில்டர் வாங்குவதாக இருந்தால் இதை வாங்குங்கள். இலையிலும் தண்ணீரிலும் ஈரப் பாறையிலும் உள்ள பளபளப்பைக் குறைக்கும். இதைக் கணினியில் சரியாகச் செய்ய முடியாது. ஆட்காட்டி விரலைச் சூரியனை நோக்கி நீட்டி, கட்டை விரலை அதற்குச் செங்குத்தாக விரியுங்கள். கையைச் சுழற்றும்போது கட்டை விரல் எங்கெல்லாம் காட்டுகிறதோ அங்கெல்லாம் வானம் நன்றாகக் கறுக்கும். ரொம்ப அகலமான லென்ஸில் மட்டும் கவனம்: வானத்தின் ஒரு பகுதி மட்டும் திட்டாகக் கறுத்து அசிங்கமாக வரும்.

பறவைக்கு எவ்வளவு பக்கத்தில் போகலாம்?

அது தன் வேலையை நிறுத்தாத தூரம் வரை. மேய்ந்துகொண்டிருந்தது தலையைத் தூக்கி உங்களையே பார்க்கிறதா? நில்லுங்கள். உடம்பை ஒடுக்குகிறதா, எச்சமிட்டுவிட்டுச் சிறகைத் தளர்த்துகிறதா? அடுத்த நொடி பறக்கப் போகிறது. பின்வாங்குங்கள்.

இதை நான் கற்றுக்கொண்ட விதம் எனக்கு இன்றும் வருத்தம் தருவது. ஒரு திறந்த வெளியில் ஆட்காட்டிக் குருவி ஒன்று என் தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்தியது. சிறகு விரித்து நேராக என்னை நோக்கிப் பாய்ந்தது. அருமையான படம் என்று நினைத்து இருபது நிமிடம் அங்கேயே நின்று எடுத்தேன். கிளம்பக் காலைத் தூக்கியபோதுதான் பார்த்தேன், ஒரு முழத்துக்கு அப்பால் கூழாங்கற்களுக்கு நடுவே, கூழாங்கல் நிறத்திலேயே நான்கு முட்டைகள். வெட்டவெளியில் முட்டையிடும் பறவைகள், கொளுத்தும் வெயிலில் தங்கள் நிழலால்தான் முட்டையைக் காக்கின்றன. அந்த இருபது நிமிடமும் முட்டைகள் வெயிலில் கிடந்தன. அந்தப் படங்களை யாருக்கும் காட்டவில்லை.

பறவை கத்தினால், ஏதோ இருக்கிறது என்று புரிந்துகொண்டு, வந்த வழியிலேயே காலடி பார்த்துத் திரும்பிவிடுங்கள். கூட்டை எடுக்கக் கிளைகளை விலக்கக் கூடாது. அந்த இலைகள்தான் வெயிலிலிருந்தும் காக்கையிடமிருந்தும் குஞ்சுகளை மறைக்கின்றன. பதிவு செய்த குரலை ஒலிக்க விட்டுப் பறவையை வரவழைக்கும் பழக்கமும் வேண்டாம். தன் எல்லைக்குள் இன்னொருவன் புகுந்துவிட்டான் என்று நம்பி, இரை தேட வேண்டிய நேரத்தைச் சண்டைக்குச் செலவழிக்கும்.

அருகில் போவதைவிட, அதை அருகில் வர விடுவதே மேல். இங்கிலாந்தின் கியர்ட்டன் சகோதரர்கள் 1900 வாக்கில் உள்ளே குடைந்த போலி மாடு ஒன்றைச் செய்து, அதற்குள் ஒளிந்துகொண்டு பறவைகளை எடுத்தார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம். மங்கிய நிற உடை, அசையாமல் ஒரு மணி நேரம், அது போதும். நிறுத்திய காரும் நல்ல மறைவிடம், கதவைத் திறக்காதவரை.

பறவைகளுக்கு என்ன செட்டிங் வைப்பது?

உட்கார்ந்திருந்தால் ஷட்டர் வேகம் 1/500 நொடி, பறந்தால் 1/2000 நொடி. அதற்கு ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணரும் திறன்) 1600, 3200 என்று ஏறினாலும் பரவாயில்லை. புள்ளி விழுந்த படத்தைச் சரிசெய்யலாம், அசைந்து போன படத்தை ஒன்றும் செய்ய முடியாது. ஃபோகஸ் கண்ணில் இருக்கட்டும். உங்கள் லென்ஸும் பறவையின் கண் மட்டத்துக்கு இறங்கட்டும்.

வெள்ளைக் கொக்கு பலரையும் ஏமாற்றும். கேமரா எதைப் பார்த்தாலும் அதைச் சராசரிச் சாம்பலாக்கப் பார்க்கும். கறுத்த தண்ணீருக்கு நடுவே சிறிதாகக் கொக்கு நின்றால், தண்ணீரை வெளிச்சமாக்குகிறேன் என்று கொக்கின் இறகுகளை எல்லாம் சுண்ணாம்பாக வெளுத்துவிடும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப், அதாவது பாதியாக, குறையுங்கள். அதே கொக்கு ஃபிரேமை அடைத்துக்கொண்டு நின்றால் நேர்மாறு, கூட்ட வேண்டும்.

வெயில் ஏறிய பிறகு தரையை ஒட்டித் தொலைவில் எடுத்த படங்கள் எல்லாம் கலங்கியிருந்தால் லென்ஸைக் குறை சொல்லாதீர்கள். சூடான தரையிலிருந்து எழும் காற்றின் அலைதான் காரணம். காலையிலேயே எடுப்பதைத் தவிர இதற்கு மருந்து கிடையாது.

அபூர்வமான பறவையைப் பார்த்தால் இடத்தைச் சொல்லலாமா?

கூடு கட்டியிருந்தால் சொல்லவே சொல்லாதீர்கள். ஆந்தை பகலில் அடையும் மரத்தையும் சொல்ல வேண்டாம். போன் படங்களுக்குள்ளேயே ஜிபிஎஸ் விவரம் ஒட்டிக்கொண்டிருக்கும். பகிர்வதற்கு முன் அதை நீக்குங்கள். பதிவே செய்யாமலும் இருக்க வேண்டியதில்லை. பார்த்த உயிரினங்களைப் பதிவு செய்யும் ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்கள் அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் சரியான இடத்தைப் பொதுப் பார்வையிலிருந்து தாமாகவே மறைத்துவிடும். ஆய்வுக்கும் பயன்படும், உயிருக்கும் ஆபத்தில்லை.

கட்டடங்கள் பின்னால் சாய்ந்த மாதிரி வருகின்றன. என்ன செய்வது?

கேமராவை மேலே அண்ணாந்தால் சுவர்கள் உச்சியில் ஒன்றையொன்று நோக்கிச் சாயும். கேமராவை நேராகப் பிடித்து, பின்னால் தள்ளிப் போங்கள். முடிந்தால் எதிர்க் கட்டடத்தின் இரண்டாவது, மூன்றாவது மாடியிலிருந்து எடுங்கள். எதுவும் முடியாவிட்டால் சுற்றிலும் இடம் விட்டு எடுத்து, பிறகு மென்பொருளில் நிமிர்த்தலாம்.

கூட்டமே இல்லாமல் வேண்டுமா? 1838-ல் புகைப்படக் கலையின் முன்னோடிகளில் ஒருவரான டாகேர் பாரிஸில் ஒரு பெரிய வீதியை எடுத்தார். வண்டியும் ஆளுமாக நிறைந்த வீதி படத்தில் வெறிச்சோடிக் கிடக்கிறது. பல நிமிடம் நீண்ட எக்ஸ்போஷரில் நகர்ந்தவர்கள் யாரும் பதியவில்லை. காலணிக்குப் பாலிஷ் போட்டுக்கொள்ள நின்ற ஒருவரின் உருவம் மட்டும் தெளிவாகப் பதிந்துவிட்டது. அதே வித்தையை இன்று 10 ஸ்டாப் என்டி ஃபில்டர் என்ற கறுத்த கண்ணாடி செய்யும். ஒளியை ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைப்பதால் 1/60 நொடி 16 நொடியாக நீளும். முக்காலி கட்டாயம்.

ஆனால் எனக்கு ஆட்கள் இருக்கும் படங்கள்தான் பிடிக்கும். மணிக்கூண்டைத் தனியாக எடுத்த படம் எல்லோரிடமும் இருக்கிறது. அதை நிமிர்ந்து பார்த்து நேரம் சரிபார்த்துக்கொண்டு ஓடுகிற பள்ளிப் பிள்ளையோடு எடுத்த படம் உங்களிடம் மட்டும்தான் இருக்கும்.

நிலா பெரிதாகக் கோபுரத்துக்குப் பின்னால் வரும்படி எப்படி எடுப்பது?

வானத்தில் நிலாவின் அகலம் அரை டிகிரிதான், அது மாறப் போவதில்லை. கட்டடத்தைத்தான் சிறிதாக்க வேண்டும், அதாவது நீங்கள் தூரப் போக வேண்டும். கணக்கு சுலபம்: ஒரு பொருளின் உயரத்தைப் போல 110 மடங்கு தூரத்தில் நின்றால் அது நிலாவின் அளவில் தெரியும். 5 மீட்டர் உயரக் கலசத்தை நிலாவுக்குள் அடக்க வேண்டுமானால் 550 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். லென்ஸ் 400 மி.மீ.க்கு மேல் இருந்தால் நல்லது.

பௌர்ணமிக்கு முந்தைய நாளைத் தேர்ந்தெடுங்கள். நிலா ஒவ்வொரு நாளும் சராசரியாக 50 நிமிடம் தாமதமாக உதிக்கிறது. பௌர்ணமியன்று சூரியன் மறையும்போதுதான் நிலா வரும், மேலே ஏறுவதற்குள் கட்டடம் இருண்டுவிடும். முதல் நாள் என்றால் கட்டடத்தில் வெளிச்சம் மிச்சமிருக்கும்போதே நிலாவும் மேலே நிற்கும். எந்தத் திசையில் உதிக்கும் என்பதை போட்டோபில்ஸ் போன்ற செயலிகள் வரைபடத்தில் கோடு போட்டே காட்டும்.

அனுமதி வாங்க வேண்டுமா?

பொது இடத்தில் நின்று வெளியிலிருந்து எடுப்பதற்குப் பெரும்பாலும் தடை இருக்காது. ஆனால் ராணுவ இடங்கள், விமான நிலையங்கள், அணைகள் விஷயத்தில் நாட்டுக்கு நாடு விதி மாறும், விசாரித்துக்கொள்ளுங்கள். வணிகத்துக்குப் பயன்படுத்தினால் காப்புரிமையும் வரும். ஈஃபிள் கோபுரத்தைப் பகலில் எடுத்து விற்கலாம், இரவு விளக்கு அலங்காரத்துக்குக் காப்புரிமை உண்டு. டிரோனுக்கு உள்ளூர் விமானப் போக்குவரத்து விதிகளைப் பாருங்கள். அமெரிக்கத் தேசியப் பூங்காக்கள் 2014-லேயே தடை செய்துவிட்டன. கூடு கட்டும் காலத்தில் சட்டம் அனுமதித்தாலும் பறக்க விடாதீர்கள். பிள்ளைகளின் முகம் தெரியும் படம் என்றால் பெற்றோரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

எடிட்டிங் எந்த அளவு சரி?

ரா ஃபைலில் (கேமரா பதிந்ததை மெருகேற்றாமல் அப்படியே சேமிக்கும் கோப்பு) எடுத்து வெளிச்சம், நிறம், ஒளி-நிழல் வேறுபாடு சரிசெய்வது இருட்டறைக் காலத்திலிருந்தே நடப்பதுதான். வேறொரு நாளின் வானத்தைக் கொண்டுவந்து ஒட்டுவது எனக்குச் சம்மதமில்லை, ஊரைப் பற்றிய பதிவு அங்கேயே பொய்யாகிவிடுகிறது. விலங்குப் படத்தில் இன்னும் கண்டிப்பு வேண்டும். 2009-ல் உலகப் புகழ்பெற்ற ஒரு காட்டுயிர்ப் புகைப்படப் போட்டியில், வேலி தாண்டும் ஓநாய்ப் படம் முதல் பரிசு பெற்றது. அது பழக்கப்படுத்தப்பட்ட ஓநாயாகவே இருக்க வேண்டும் என்று முடிவு செய்து, 2010 தொடக்கத்தில் நடுவர்கள் பரிசைத் திரும்பப் பெற்றார்கள்.

எடுத்து வைத்த படங்களால் ஊருக்கு ஏதாவது பயன் உண்டா?

நிறையவே. 1861-ல் கார்ல்டன் வாட்கின்ஸ் என்ற புகைப்படக்காரர் பெரிய கண்ணாடித் தகடுகளில் அமெரிக்காவின் யோசமிட்டி பள்ளத்தாக்கை எடுத்தார். 1864-ல் அந்தப் பள்ளத்தாக்கைப் பாதுகாக்கும் சட்டத்தில் லிங்கன் கையெழுத்திட்டதற்குப் பின்னால் அந்தப் படங்களுக்கும் பங்கு உண்டு என்கிறார்கள்.

நாம் செய்யக்கூடியது ஒன்று சொல்கிறேன். ஊரின் பழைய படம் ஒன்றைத் தேடிப் பிடியுங்கள், வீட்டு ஆல்பத்தில் இருந்தாலும் சரி. அதே இடத்தில் நின்று மறுபடி எடுங்கள். சரியான இடத்தைக் கண்டுபிடிக்க, படத்தில் கிட்டத்திலும் தூரத்திலும் உள்ள இரண்டு பொருட்களைப் பாருங்கள், உதாரணமாக ஒரு தூணின் விளிம்பும் பின்னால் உள்ள மலை முகடும். பழைய படத்தில் அவை எப்படி ஒட்டியிருக்கின்றனவோ அப்படித் தெரியும்வரை இடமும் வலமும் நகருங்கள். அப்புறம் முன்னும் பின்னும். நிழல் விழுந்திருக்கும் பக்கத்தை வைத்து மாதத்தையும் நேரத்தையும்கூட ஊகிக்கலாம். எடுத்த பிறகு தேதி, நேரம், நின்ற இடம் மூன்றையும் ஃபைலோடு சேர்த்து எழுதி, இரண்டு வெவ்வேறு இடங்களில் பிரதி வையுங்கள். இன்னும் ஐம்பது வருடம் கழித்து உங்கள் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதே இடத்தைத் தேடி வருபவருக்கு அந்த மூன்றும் வேண்டியிருக்கும்.